சொல்லே திறவுகோல்

இராயபுரம் என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். பேருந்தின் நெற்றியிலும் இரயில் நிலையப் பலகையிலும் அதனைக் காண்கிறோம். ஆயினும் அப்பெயருக்குள் திருத்தூதர் ஒருவர் குடியிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். மீனவராயிருந்து திருத்தூதரான அவருடைய பெயரை, மீனவர் வாழும் இவ்வூர் தாங்கி நிற்பது எத்துணைப் பொருத்தம்! அவரோடு சேர்த்து நாம் விழாக் கொண்டாடும் புனித பவுலைச் சின்னப்பர் என்றனர். ஏன் சின்னப்பர்? இலத்தீன் மொழியில் 'பவுலுஸ்' என்னும் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். அப்பொருளை அறிந்தே தமிழில் பெயர் சூட்டினர். இன்று நம் பங்குகளில் சின்னப்பன் என்று பெயர் கொண்ட பெரியவர் ஒவ்வொருவரும் ஓர் இலத்தீன் சொல்லின் தமிழ் வடிவைத் தம் பெயராகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

ஆக, இலத்தீன் நமக்கு முற்றிலும் அந்நியமான மொழியன்று. இம்மாதம் அம்மொழியின் சொற்களைக் கற்பது குறித்து, அதிலும் பழங்காப்பியம் ஒன்றைப் படிப்பதற்காகக் கற்பது குறித்து, நம் இல்லங்களோடு பேச விழைகிறோம். 'இது குருமடத்துக் காரியமாயிற்றே, குடும்பத்தார்க்கு இதில் என்ன?' என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு எம்மோடு வாருங்கள். பேச்சு இலத்தீனில் தொடங்கினாலும் நம் வீட்டுத் திண்ணையில்தான் வந்து முடியும்.

ஒரு மாணவனின் கேள்வி

நம் கடற்கரைக் குப்பங்களில் ஒன்றிலிருந்து குருமடத்தில் சேர்ந்த இளைஞன் ஒருவன் சென்ற கோடை விடுமுறையில் நம்மைக் காண வந்தான். அவன் தந்தை காசிமேட்டில் படகுத் தொழில் செய்பவர். நலம் விசாரித்து முடிந்ததும் அவன் மெல்லக் கேட்டான்: "சாமி, திருப்பலி தமிழில்தானே நடக்கிறது? பிறகு இலத்தீன் எதற்கு? அதிலும் வெர்ஜில் என்ற கவிஞரின் காப்பியத்திலிருந்து ஒரு பகுதியைப் பாடமாகத் தந்திருக்கிறார்கள். ஓர் அடிக்கு ஐந்து முறை அகராதியைப் புரட்டுகிறேன். கடைசிச் சொல்லைக் கண்டுபிடிக்கும்போது முதற் சொல் மறந்துபோகிறது. நம்மைப் போன்ற கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது போலிருக்கிறது, சாமி."

அவன் கேட்டவற்றுள் முதற் கேள்விக்கு விடை எளிது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்தது. அதற்காக நாம் இறைவனுக்கு என்றும் நன்றி கூறுகிறோம். எனினும் திருச்சபைத் தந்தையருள் பலர் இலத்தீனில் எழுதினர். திருச்சபைச் சட்டமும் வழிபாட்டு மூலநூல்களும் அம்மொழியிலேயே உள்ளன. வேரைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவன் அம்மண்ணைக் கிளறித்தான் ஆகவேண்டும்.

ஆனால் அவனுடைய கடைசி வாக்கியம் நம் நெஞ்சைத் தைத்தது. 'கடற்கரைப் பிள்ளைகளுக்கு வராது' என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? எந்த ஒருவரும் நேராகச் சொல்லியிருக்கமாட்டார். காற்றில் கலந்த கரிப்புகைபோல் அவ்வெண்ணம் நம் வடசென்னைப் பிள்ளைகளின் மூச்சோடு உள்ளே போய்விடுகிறது. அதனை அகற்றுவது பங்குக் குருவின் கடமை. பெற்றோரின் கடமை அதனினும் பெரிது.

கடலுக்கு எத்தனை பெயர்?

வெர்ஜில் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 70 முதல் 19 வரை வாழ்ந்த உரோமைக் கவிஞர். அவருடைய 'ஏனேயித்' என்னும் காப்பியம் 12 பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ 9,900 அடிகள் உடையது. திராய் நகரம் தீக்கிரையான இரவில், முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறு மகனைக் கைப்பிடித்து வெளியேறுகிறான் ஏனேயாஸ் என்னும் வீரன். அவன் கடல் கடந்து இத்தாலியை அடைந்து, உரோமையர் குலத்துக்கு வித்திடுவதே கதை. முதற் பகுதியிலேயே பெரும் புயல் ஒன்று அவன் கப்பல்களைச் சிதறடிக்கிறது.

அந்தப் புயலைத்தான் நம் மாணவன் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய குறிப்பேட்டைப் பார்த்தோம். 'மாரே: கடல். ஆல்தும்: கடல். ஏக்குவோர்: கடல். சால்: கடல்.' இவ்வாறு வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே 'கடல்' என்ற ஒரே சொல்லை இட்டிருந்தான். இப்படிக் கற்றால் எவருக்குத்தான் நினைவில் நிற்கும்? முகமே காட்டாத பத்துப் பேரை ஒரே நாளில் அறிமுகம் செய்துவைப்பது போன்றதன்றோ இது!

"தம்பி, ஒவ்வொரு சொல்லையும் 'நீ ஏன் கடல் ஆனாய்?' என்று கேட்டுப் பார்" என்றோம். 'ஆல்துஸ்' என்றால் ஆழமானது. ஆகவே 'ஆல்தும்' ஆழத்தால் கடலுக்கு வந்த பெயர். தமிழில் நாம் 'ஆழி' என்று சொல்வதில்லையா? 'ஏக்குவுஸ்' என்றால் சமமானது. ஆகவே 'ஏக்குவோர்' சமதளமாய்ப் பரந்து கிடப்பதால் வந்த பெயர். பரந்து கிடப்பதால் தமிழ்ப் புலவர்கள் கடலைப் 'பரவை' என்றனர். 'சால்' என்றால் உப்பு. உவர்ப்பால் கடலுக்கு 'உவரி' என்று பெயர். அந்தோணியார் திருத்தலத்தால் புகழ்பெற்ற தென்பாண்டி நாட்டு உவரியை நம்மில் அறியாதார் யார்?

அவன் முகம் மலர்ந்தது. மூன்று சொற்களையும் அவன் அதன்பின் மறக்கவில்லை. உரோமைக் கவிஞரும் தமிழ்ப் புலவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எனினும் இருவரும் ஒரே கடலின் முன் நின்று, அதன் ஆழத்தையும் பரப்பையும் உப்பையும் கண்டே பெயரிட்டிருக்கின்றனர்.

அடுத்துக் கப்பலுக்கு வந்தோம். 'நாவிஸ்' என்பது கப்பலுக்குப் பொதுப்பெயர். 'நாவாய்' என்னும் நம் சொல்லோடு அது ஒலியில் நெருங்கி நிற்பதைக் காணலாம். ஆனால் வெர்ஜில் பல இடங்களில் அச்சொல்லை விட்டுவிட்டு, 'காரீனா' என்றும் 'பூப்பிஸ்' என்றும் கூறுகிறார். 'காரீனா' என்பது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை. 'பூப்பிஸ்' என்பது அதன் பின்புறம். உறுப்பைக் கூறி முழுப்பொருளை உணர்த்தும் இம்முறையைத் தமிழ் இலக்கணம் சினையாகுபெயர் என்கிறது. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லும்போது, பழத்தைத் தலைமீதா வைக்கிறோம்? ஆளுக்கு ஒன்று என்றுதானே எல்லாரும் கொள்கிறோம்! 'பீனுஸ்' என்றால் பைன் மரம். அதுவும் வெர்ஜிலிடம் கப்பலைக் குறிக்கும். நம் மீனவர் கட்டுமரத்தை 'மரம்' என்றே சொல்வதை நினைத்தால் இதுவும் புதுமையன்று. 'ராத்திஸ்' என்பது முதலில் மரங்களைப் பிணைத்த தெப்பத்தைக் குறித்து, பின்பு கவிதையில் கப்பலையும் குறித்த சொல். கட்டுமரத்தில் ஏறிய பாட்டனைக் கொண்ட பிள்ளைக்கு இச்சொல்லை விளக்கவும் வேண்டுமோ?

காற்றுகளும் அவ்வாறே. இலத்தீன் கவிதையில் வடகாற்று 'ஆக்குவிலோ', தென்காற்று 'ஔஸ்தெர்', கீழ்க்காற்று 'எவுருஸ்', மேல்காற்று 'செபிருஸ்'. பழந்தமிழில் அவை முறையே வாடை, தென்றல், கொண்டல், கோடை. ஏனேயாசின் கப்பற்பாயை அறைவது ஆக்குவிலோ என்று படித்தபோது, "வாடைதான் சாமி, வாடையடித்தால் அப்பா கடலுக்குப் போகமாட்டார்" என்றான் மாணவன். நூலகத்தில் அமர்ந்து உரை எழுதிய அறிஞர் பலர் ஏட்டில் மட்டுமே கண்ட ஒன்றை, அவன் தன் வீட்டு அடுப்பு எரியாத நாளைக்கொண்டு அறிந்திருந்தான்.

எதிர்த்திசையில் வந்த பயணி

இவ்வழியை நாம் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. நமக்கு முன் ஒருவர் இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தார். சென்னைக் கடற்கரைச் சாலையில், 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்றாக அவர் நிற்கிறார். அவரே வீரமாமுனிவர்.

கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் இயற்பெயருடைய அவர் 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. அச்சபையின் பள்ளிகளுக்கென 1599ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் வெர்ஜிலின் காப்பியத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. அத்தகைய கல்வியில் வளர்ந்தவர் முப்பது வயதளவில் தமிழகம் வந்தார். இங்கே அவருக்கு எதிரே நின்றது நம் மாணவன் கண்ட அதே மலை. கடலுக்கு இருபது பெயர்; மலைக்கு இருபது பெயர்; ஒரு சொல்லுக்கே பத்துப் பொருள்.

அந்நாளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி போன்ற அந்நூல்கள் செய்யுளால் ஆனவை. சொற்களை அகரவரிசையில் அடுக்காமல், தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இனம் இனமாகத் தொகுத்துத் தந்தன. திண்ணைப் பள்ளி மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்தனர். சொற்கள் தனித்தனியாக நினைவில் நில்லா, குடும்பமாகவே நிற்கும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

வீரமாமுனிவர் அந்நிகண்டுச் செல்வத்தை அகரவரிசைப்படுத்தி, 1732ஆம் ஆண்டு 'சதுரகராதி'யைத் தொகுத்தார். சதுர் என்றால் நான்கு. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது பொருளகராதி. முத்தமிழ், அறுசுவை என்றாற்போலத் தொகைப் பெயர்களை விரிப்பது தொகையகராதி. எதுகைக்கு உதவும் வகையில் சொற்களை அடுக்குவது தொடையகராதி. ஒரு சொல்லை நான்கு பக்கங்களிலிருந்தும் பார்க்கவைத்த அமைப்பு இது.

அவ்வுழைப்புக்கு முன்பே, 1726ஆம் ஆண்டளவில், அவர் புனித சூசையப்பரைத் தலைவராகக்கொண்டு 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தை இயற்றினார். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். அதில் சூசையப்பருக்கு அவர் இட்ட பெயர் 'வளன்'. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு 'இறைவன் பெருகச் செய்வாராக' என்பது பொருள். பெருக்கத்தைக் குறிக்கும் வளத்திலிருந்து வளன் பிறந்தார். திருமுழுக்கு யோவான் 'கருணையன்' ஆனார். பெயரின் ஒலியை மட்டும் கடத்தாமல் அதன் உயிரையும் கடத்தியவர் அவர்.

ஐரோப்பியக் குருக்கள் தமிழ் பயில்வதற்காக அவர் இலத்தீனில் எழுதிய இலக்கண நூல்களுள் ஒன்றின் பெயர் 'க்ளாவிஸ்' என்று தொடங்குகிறது. அச்சொல்லின் பொருள் திறவுகோல். இராயப்பர் சுருபத்தின் கையில் நாம் காணும் அதே திறவுகோல்! பேச்சுத் தமிழுக்காக அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணமோ 1738ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததும் அவரே. முப்பது வயதுக்குமேல் கற்கத் தொடங்கியவருக்கு இவ்வளவும் கைகூடிற்று.

எவ்வாறு கற்பது?

நம் மாணவனுக்கு நாம் சொன்ன முறையை இங்கும் குறித்துவைக்கிறோம். குருமடத்துக்குச் செல்லும் பிள்ளைக்கும், பள்ளியில் செய்யுள் கண்டு அஞ்சும் பிள்ளைக்கும் இது ஒருங்கே பயன்படும்.

முதலாவது, அடிக்கடி வரும் சொற்களை முந்திக் கற்கவேண்டும். அமெரிக்க நாட்டு டிக்கின்சன் கல்லூரியார் இலத்தீனில் மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ ஆயிரம் சொற்களைத் தொகுத்துள்ளனர். அவற்றை அறிந்தவர்க்கு, பொதுவாக ஓர் இலத்தீன் பக்கத்தில் நூற்றுக்கு எழுபது சொற்கள் பழகியவையாக இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் என்றால் இருநூறு நாள்களில் ஆயிரம் முடியும். ஞாயிறு தோறும் புதிய சொல் கற்காமல், அவ்வாரத்துச் சொற்களைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, எஞ்சிய கவிதைச் சொற்களை இனம் இனமாகக் கற்கவேண்டும். கடல், கப்பல், காற்று, போர், தீ, துயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. தனித்தனிச் சாவி தொலைந்துபோகும். கொத்தாகக் கோத்த சாவி தொலையாது.

மூன்றாவது, தெரிந்த சொல் என்று ஏமாறக்கூடாது. மன்றாட்டு மாலையில் நம் பாட்டிமார் பாடிய 'ஓரா' என்னும் சொல்லுக்கு 'வேண்டிக்கொள்ளும்' என்பது பொருள். வெர்ஜிலிடமோ கடற்கரை என்னும் பொருளில் அதே வடிவுடைய வேறொரு சொல் வரும். முகங்கள் என்னும் பொருளிலும் வரும். 'சாலுஸ்' என்பது திருச்சபை வழக்கில் மீட்பு. காப்பியத்தில் பெரும்பாலும் உயிர் தப்புதல். 'பியுஸ்' என்பது நமக்குப் பக்திமான். ஏனேயாசுக்கு வெர்ஜில் அடைமொழியாக்கிய அதே சொல், தெய்வத்துக்கும் தந்தைக்கும் நாட்டுக்கும் கடமை தவறாதவன் என்று விரிகிறது. செபம் சொல்வதோடு பக்தி முடிந்துவிடுவதில்லை, முதிய தந்தையைத் தோளில் சுமப்பதும் அதனுள் அடங்கும் என்று அச்சொல் நமக்கு நினைவூட்டவில்லையா?

நான்காவது, கற்ற சொல்லை உடனே பாடலில் வைத்துப் பார்க்கவேண்டும். நாள்தோறும் மூன்றே அடிகள் போதும். அவற்றை வாய்விட்டுப் படிக்கவேண்டும். காப்பியம் செவிக்காகப் பிறந்தது.

நம் வீட்டு அகராதி

இனி, திண்ணைக்கு வருவோம். அம்மாணவன் விடுமுறை முடியுமுன் ஒருநாள் தன் தந்தையோடு அமர்ந்து, கடலுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் படகின் உறுப்புகளுக்கும் மீனுக்கும் அவர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதினான். ஒரு குறிப்பேடு நிறைந்தது. "இதையெல்லாம் எழுதி வைக்க ஆள் வந்ததா?" என்று அத்தந்தை வியந்தாராம். தம் மகன் கற்கும் உயர்ந்த மொழிக்குத் தம்மிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர் அன்றுதான் அறிந்தார். மகனோ, தான் வெறுங்கையோடு குருமடத்துக்குச் செல்லவில்லை என்று அறிந்தான். இலத்தீன் அவனுக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வராது' என்ற சொல்லை அவன் இப்போது சொல்வதில்லை.

அன்பிற்குரிய இல்லத்தாரே, அக்குறிப்பேட்டில் உள்ள சொற்களுள் பல இன்னும் ஒரு தலைமுறையில் மறையக்கூடியவை. கட்டுமரம் அருகி, பைபர் படகும் விசைப்படகும் வந்துவிட்டன. எண்ணூர்க் கழிமுகத்தில் மடவையும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தோர் அந்நீரை விட்டு விலக நேர்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அக்கழிமுகமெங்கும் படர்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். நீர் கெட்டால் மீன் போகும். மீன் போனால் தொழில் போகும். தொழில் போனால் அதன் சொற்களும் போகும். போன சொல்லை எந்த வலையும் வீசி மீட்க இயலாது.

ஆகவே இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணியின் பகுதி ஒன்று உண்டு. கருணையன் தன் தாயை இழந்து வருந்தும் பகுதி அது. அந்நூல் உங்கள் வீட்டில் இருந்தால், தேர்வுக்காக மட்டும் அதனைப் படித்து மூடிவிடாமல், இரவு செபத்துக்குப் பின் ஒரு பாடலை எல்லாரும் கேட்கப் படியுங்கள். அரிய சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பொருள் விளங்காத இடத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். இது ஒன்று.

மற்றொன்று, வீட்டு முதியோரிடம் அமர்ந்து அவர்தம் தொழிற்சொற்களை எழுதுங்கள். கடற்றொழில் மட்டுமன்று, துறைமுகத்தில் சுமை தூக்கியவர், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உலை முன் நின்றவர், வலை பின்னியவர், மீன் கூடை சுமந்து விற்ற தாய்மார், ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நிகண்டு உண்டு. சொல், அதன் பொருள், அதற்கு இணையான வேறு சொல், அது வழங்கும் இடம் என்று நான்கு பத்தி கிழித்துக்கொண்டால், அது உங்கள் இல்லத்துச் சதுரகராதி ஆகிவிடும்.

தொடக்கத்தில் வாக்கு இருந்தது என்று கற்பிக்கும் நற்செய்தியை நம்புகிறவர்கள் நாம். அவ்வாக்கு மனிதரான பின் முதலில் அழைத்த நண்பர்கள் வலையும் படகும் அறிந்தவர்கள். அவர்களுடைய எளிய பேச்சை அவர் இகழவில்லை; அதிலேயே விண்ணரசை எடுத்துரைத்தார். நம் பிள்ளைகள் எம்மொழியை வேண்டுமானாலும் கற்கட்டும், எக்காப்பியத்தை வேண்டுமானாலும் திறக்கட்டும். ஆனால் தாய் தந்தையரின் வாயிலிருந்து பெற்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டே அவ்வாயிலை அணுகட்டும். திறவுகோல்களை ஏந்திய இராயப்பர் அவர்களுக்காக வேண்டிக்கொள்வாராக.